டிபென்டன்ட் விஷயமாக அத்திம்பேருக்கு

திலக் நகர், செம்பூர், மும்பை
செவ்வாய்க்கிழமை

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் ஸ்ரீ பத்ரிநாராயணன் அவர்களுக்கு, மைத்துனன் வைத்தீஸ்வரன் அநேக நமஸ்காரம். அம்மிணி அக்காவுக்கும் அப்படியே. கோயம்புத்தூரில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் சௌக்கியம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு விஷயத்துக்குப் போவதுதான் முறை. இந்தத் தடவை அந்த வரியை ஆளுக்கு ஆள் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. என் சகதர்மிணி பத்மஜா சௌக்கியம். நான் வாஷியில் வண்டி மாறி ஐரோலி ஆபீஸுக்குப் போய்த் திரும்புகிற அளவுக்குச் சௌக்கியம். அப்பா, இருதய வால்வு ஆபரேஷனுக்குக் காத்திருக்கிற ஒருவர் எவ்வளவு சௌக்கியமாக இருக்க முடியுமோ அவ்வளவு சௌக்கியம். ஆனால் என்னோடு பேசுவதில்லை.

ஆபரேஷன் ஏன் தள்ளிப்போயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அப்பாவுக்குப் போன் செய்தீர்கள். அப்பா அவருக்குத் தெரிந்தபடி பதில் சொல்லிவிட்டார். பிறகு நீங்கள் என்னைக் கூப்பிட்டு, நான் வாய் திறப்பதற்குள் கத்தி முடித்து, "எதுவானாலும் எழுத்துல கொடு" என்று வைத்துவிட்டீர்கள். அதற்கப்புறம் நான் எத்தனை தடவை அடித்தாலும் நீங்கள் எடுப்பதில்லை. ஆயுசு முழுக்க பேங்கில் இருந்து மேனேஜராக ரிட்டையரானவரிடம் வாயால் பேசி ஜெயிக்க முடியாது என்று எனக்கும் தெரியும், அதனால் எழுத்தில் கொடுக்கிறேன். கம்பெனி மெடிக்ளெய்ம் இன்ஷூரன்ஸிலிருந்து அப்பாவை நீக்கிவிட்டேன், அவருடைய ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கி எறியப் பார்த்தேன், இதையெல்லாம் செய்வதற்கென்றே புதிதாக ஒரு மேனேஜரைப் பிடித்திருக்கிறேன் என்பது தங்கள் குற்றச்சாட்டு. ஒன்றுகூட உண்மையில்லை. அப்பாவின் பெயர் மெடிக்ளெய்மில் இருக்கிறது. ஆபரேஷன் இங்கே செம்பூரிலேயே நடக்கும். அவரை அழைத்துப் போக நீங்கள் வர வேண்டாம். நீங்கள் சொல்கிற கோயம்புத்தூர் டிரஸ்ட் ஆஸ்பத்திரி காசு அதிகம் வாங்காத நல்ல இடமாகவே இருக்கலாம், அந்த டாக்டர் தங்கள் பழைய வாடிக்கையாளராகவும் இருக்கலாம். ஆனால் அப்பா இத்தனை வருஷமாக என்னோடு இருக்கிறார், என்னோடுதான் இருப்பார். இதை நான் கோபத்தில் எழுதவில்லை, கொஞ்சம் கோபமும் இருக்கிறது.

இது எப்படி வந்தது என்று புரிய வேண்டுமானால் என் ஆபீஸ் சமாசாரத்தைச் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் "நீ என்னதாண்டா வேலை பண்றே" என்று கேட்பீர்கள், நான் "கம்ப்யூட்டர்" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன், இப்போது மாட்டிக்கொண்டேன். எங்கள் கம்பெனி கிடங்குகளுக்கு கேட் பாஸ் போடுகிற மென்பொருள் செய்கிறது. லாரி உள்ளே வந்தால் ஒரு சீட்டு அச்சாகும், வெளியே போனால் ஒரு சீட்டு, அந்தச் சீட்டில்தான் எங்கள் சோறு. முழுவதையும் நாங்களே எழுதியதாக நினைத்துவிடாதீர்கள். தேதி போட ஒன்று, அச்சடிக்க ஒன்று, பார்கோடு வரைய ஒன்று என்று உலகத்தில் யார் யாரோ எழுதி வைத்திருப்பதை இறக்கிக்கொண்டு, அதன் மேல் நாங்கள் கொஞ்சம் எழுதுவோம். பத்மஜா கடையில் ரசப்பொடி வாங்கி ரசம் வைத்துவிட்டு "நான் வச்ச ரசம்" என்று சொல்வதில்லையா, அப்படித்தான். இப்படி வெளியிலிருந்து வாங்கி நாங்கள் நம்பியிருக்கிற ஒவ்வொன்றுக்கும் டிபென்டென்சி என்று பெயர். அதையெல்லாம் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து சேர்க்கிற மென்பொருளுக்கு பேக்கேஜ் மேனேஜர் என்று பெயர். மேனேஜர் என்றால் இங்கே மனிதர் இல்லை, ரிட்டையரானவர்களைக் குறிப்பதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம். எதை, எந்தப் பதிப்பில் வாங்கினோம் என்று அந்த மேனேஜர் இம்மி பிசகாமல் எழுதிவைக்கிற குறிப்புக்கு லாக் ஃபைல் என்று பெயர். அதில் உள்ளபடிதான் அடுத்த தடவையும் வரும், வேறு பதிப்பு வராது, பூட்டியாயிற்று, அதனால் லாக். டிபென்டென்சி, மேனேஜர், லாக், ஃபைல். நம் குடும்பத்தைக் கவிழ்த்தது இந்த நாலு வார்த்தைதான்.

எங்களுக்கு மேலே புதிதாக மானசா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். மாதுங்காவில் வளர்ந்தவள், தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்க மட்டும் வராது. கெட்ட பெண் இல்லை. வந்ததும் அவள் சொன்ன முதல் விஷயம், நாம் வைத்திருக்கிற பேக்கேஜ் மேனேஜர் பழசு, நிதானமாக வேலை செய்கிறது, இடத்தை அடைக்கிறது, புதுசுக்கு மாறிவிடலாம் என்பது. அந்த வேலையை எனக்கும் விக்ரோலி ஆஷிக்குக்கும் கொடுத்தாள். ஆஷிக் எனக்குப் பக்கத்து சீட், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், வேலையில் கெட்டிக்காரன், குரல் மட்டும் மைக் வைத்த மாதிரி. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஒரு நாள் நானும் அவனும் போனில் பேசிக்கொண்டிருந்தோம். என் இயர்போன் ஒரு காது செத்துப்போயிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். நம் வீட்டு ஹால் எவ்வளவு பெரியது என்று உங்களுக்கே தெரியும். அப்பா எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதற்கு அவர் இப்போதும் மனப்பாடமாகச் சாட்சி சொல்கிறார்.

"சார், இந்தப் பழைய டிபென்டென்சியெல்லாம் சும்மா கெடக்குல்லா. வருசக்கணக்கா யாரும் திரும்பிப் பாக்கல. எடுத்துருவமா?"

"எடுத்துடலாம். எதுக்கு வீணா தூக்கிச் சுமக்கணும்?"

"அப்ப அந்த ஃபைலு?"

"டிலீட் பண்ணிடு. புது மேனேஜர் வந்தா புதுசா ஒண்ணு போட்டுப்பான்."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். பத்மஜாவிடம் காபி கேட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. அவருக்கும் அந்த வார்த்தைக்கும் பழைய விரோதம் என்பதை நான் மறந்துபோனேன். வருஷா வருஷம் ஏப்ரலில் நான் மெடிக்ளெய்முக்கு அவர் பெயரைப் பதியும்போது, பக்கத்தில் உறவு என்ற இடத்தில் ஃபாதர் என்றும், வகை என்ற இடத்தில் டிபென்டன்ட், அதாவது என்னை நம்பி இருப்பவர், என்றும் வரும். அதைப் பார்த்தால் அவருக்குச் சுரீர் என்று ஏறும். "பென்ஷன் வாங்கறவனை எப்படிடா டிபென்டன்ட்னு போடுவே?" என்பார். வேறு வகை அதில் இல்லை அப்பா என்று நான் சொல்வேன். ஆகவே என் வாயிலிருந்து டிபென்டென்சி என்று வந்ததும், இந்த வீட்டில் அந்தப் பெயருக்கு உரியவர் தான் ஒருவர்தான் என்று அவர் முடிவு கட்டியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மறுநாள் நானும் பத்மஜாவும் வெளியே போன சமயம், படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தவர், எக்கோ, ஆஞ்சியோ எல்லாம் அடங்கிய தன் பச்சை நிற ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பஸ் பிடித்து கிங்ஸ் சர்க்கிள் போய், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறி, அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர் பஞ்சு மாமாவிடம், "நேக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான், பத்திரமா வை" என்று கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பஞ்சு மாமா பொறுப்பான மனிதர். அதை பீரோவில் வைத்துப் பூட்டினார். வீட்டைப் பூட்டினார். இரண்டு சாவியையும் இடுப்பில் முடிந்துகொண்டு, ஏற்கனவே பணம் கட்டியிருந்த காசி யாத்திரைக் கோஷ்டியோடு ரயிலேறிவிட்டார். யாத்திரையில் போனைத் தொடுவதில்லை என்று அவருக்கு ஒரு சங்கல்பமாம். லாக் ஃபைல் என்றால் என்ன என்று பத்மஜாவுக்கு நான் எவ்வளவோ விளக்கியும் புரியவில்லை, பஞ்சு மாமா ஒரே நாளில் புரியவைத்துவிட்டார்.

இதற்கிடையே ஆபீஸில் நாங்கள் அந்தப் பழைய குறிப்பை நிஜமாகவே அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உண்டாக்கியிருந்தோம். அப்படிச் செய்யக் கூடாது, பழையதைப் புது மேனேஜரிடம் காட்டி அதே பதிப்புகளை எடுக்கச் சொல்ல ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மானசாவிடம் சொல்லவும் சொன்னேன். அதற்கு நேரமில்லை, வாரக் கடைசிக்குள் முடியுங்கள் என்றாள். பழைய குறிப்பு இல்லாததால் புது மேனேஜர் கடையில் இன்றைக்கு எது புதுசோ அதையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட்டது. அதில் தேதி போடுகிற பொட்டலமும் ஒன்று. அது புதுப் பதிப்பில் நாளையும் மாசத்தையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டது. துர்பேயில் ஒரு கிடங்கு வாசலில் கொத்தமல்லி லாரிகள் வரிசையாக நிற்கின்றன, வாட்ச்மேன் ஒவ்வொரு சீட்டாக வாங்கிப் பார்த்து, இந்தத் தேதி இன்னும் வரவே இல்லை, வந்தபிறகு வா என்று திருப்பி அனுப்புகிறான். டிரைவர்கள் முதலாளியைத் திட்ட, முதலாளி எங்கள் கம்பெனியைத் திட்ட, மானசா என்னைத் திட்டவில்லை, என் பின்னால் வந்து நின்றுகொண்டாள், அது திட்டுவதைவிட மோசம். சரியாக அந்த நேரத்தில் பத்மஜா போன் செய்தாள். அன்றைக்குத்தான் அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனை, அவள் அவரை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள்.

"ஏன்னா, ஃபைல் எங்கே? டாக்டர் கேக்கறார்" என்றாள்.

"அதை அழிச்சாச்சு. அதனாலதான் இவ்வளவு ரகளை" என்றேன்.

அவளும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்தாள். பக்கத்தில் அப்பா. டாக்டரும் இருந்தாராம். அப்பா டாக்டரைப் பார்த்து, "நான் சொல்லலை?" என்றாராம். பிள்ளை தன் ஃபைலை அழிக்கப் பார்க்கிறான் என்று டாக்டரிடம் அவர் முன்பே சொல்லியிருந்தார் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. அழித்த ஃபைலைத் திரும்பக் கொண்டுவர ஒரு வரி தட்டினால் போதும், ஆஷிக் தட்டினான், பழையபடி தேதி சரியாக விழுந்தது, கொத்தமல்லி பாதி வாடினதோடு போயிற்று. பஞ்சு மாமாவைக் காசியிலிருந்து திரும்பக் கொண்டுவர அப்படி ஒரு வரி இல்லை. ஃபைல் எங்கே என்று அப்பா வாயைத் திறந்ததே அன்றைக்குச் சாயங்காலம்தான். கிங்ஸ் சர்க்கிளுக்கு ஓடினேன், திண்டுக்கல் பூட்டு என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், திரும்பிவிட்டேன். ஆஞ்சியோ படம் எடுத்த சென்டரில் நகல் கேட்டோம். தரோம் தரோம் என்றார்களே தவிரத் தரவில்லை. படம் இல்லாமல் கத்தியைத் தொட மாட்டேன் என்றார் டாக்டர், அவர் சொல்வதும் நியாயம். எங்களுக்கு ஒதுக்கிய நாள் போய்விட்டது. பிறகு டாக்டர் வெளிநாட்டில் ஏதோ மாநாட்டுக்குப் போக, அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஆபரேஷன் தள்ளிப்போன கதை இவ்வளவுதான். பஞ்சு மாமா வந்துவிட்டார், பச்சை ஃபைலும் கங்கைச் சொம்போடு வீடு வந்து சேர்ந்துவிட்டது, ஒரு காகிதம்கூடக் குறையவில்லை.

ஆபீஸில் மட்டும் நல்லது நடந்தது, அதையும் உங்களிடம் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது, எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் சொல்வதற்கு. கொத்தமல்லிக்குப் பிறகு, நான் சொன்ன வழியிலேயே செய்யுங்கள் என்று மானசா விட்டுவிட்டாள். பழைய குறிப்பைக் காட்டினேன், புது மேனேஜர் பதிப்பு மாறாமல் எடுத்துக்கொண்டது. ஆனால் அது பொல்லாத கண்டிப்பு. பழைய மேனேஜர் நம் கல்யாணப் பந்தி மாதிரி. கூப்பிட்டவரோடு கூப்பிடாதவரும் வந்து உட்காருவார், யாரும் எழுப்ப மாட்டோம், அவருக்கும் அப்பளம் விழும். எங்கள் மென்பொருளில் இத்தனை வருஷமாக அப்படி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த பொட்டலங்கள் ஏராளம், எந்தக் குறிப்பிலும் நாங்கள் அவற்றைக் கேட்டு வாங்கியதாக எழுதவில்லை. புது மேனேஜர் பந்தி வாசலில் நின்றுகொண்டு, பத்திரிகை இல்லையா, வெளியே போ என்கிறது. எங்கே யார் உட்கார்ந்திருக்கிறார், எதற்காக, அவரை எழுப்பினால் எது விழும் என்பது ஆரம்பத்திலிருந்து இருக்கிற எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த மாதம் முழுக்க அதைத்தான் செய்தேன். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, பெயர் போட்டு, ஏன் வேண்டும் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதி, முறைப்படி சேர்த்தேன். இப்போது யாருடைய கம்ப்யூட்டரிலும் ஒரே வரி தட்டினால் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. நேற்று அதைச் செய்து காட்டினேன். எல்லோரும் கைதட்டினார்கள். மானசா கேக் வெட்டச் சொன்னாள். "வைத்தி சார், இனிமே உங்க தலைக்குள்ள மட்டும் இருக்கறதுன்னு ஒண்ணுமே இல்லை, எல்லாம் ஃபைல்ல வந்தாச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். எனக்கு, வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்பாவுக்கும் கம்பெனியின் மெடிக்ளெய்ம் பக்கத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினேன். வேங்கடசுப்ரமணியன், ஃபாதர், டிபென்டன்ட் என்று பச்சை எழுத்தில் இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். தினமும் சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழற்றும்போது, "பேர் இருக்கோ?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இருக்குப்பா" என்பேன். டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். எங்களுக்குள் இப்போதைக்குப் பேச்சு அவ்வளவுதான், ஆனால் அது போதும் என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் இருக்கிறது என்று சொல்ல முடிகிறது.

ஆகவே அத்திம்பேர் கவலையை விட்டுவிட வேண்டும். ஆபரேஷன் முடிந்து அப்பா எழுந்து உட்கார்ந்ததும் நானே போன் செய்வேன், அப்போதாவது எடுக்கவும். அடுத்த வருஷம் அவருக்கு எண்பது முடிந்து சதாபிஷேகம், நீங்களும் அக்காவும் முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும், பந்தி வாசலில் யாரையும் நிறுத்த மாட்டோம். அக்காவின் முழங்காலுக்கு அந்த எண்ணெய் ஒத்துக்கொண்டதா என்று பத்மஜா கேட்கச் சொன்னாள். குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம், தங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கு.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
வைத்தீஸ்வரன்

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதற்காக நேற்று ஆபீஸுக்கு எடுத்துப் போனேன். போடவில்லை. போனதும் ஒரு அறைக்குக் கூப்பிட்டார்கள். மானசா இருந்தாள், இன்னொருவர் இருந்தார், அவரை நான் முன்னால் பார்த்ததில்லை. எழுதி வைத்திருந்ததை மானசா வாசித்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மென்பொருளை இனி யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டபடியால் என் இடம் தேவைப்படவில்லையாம். நோட்டீஸுக்குப் பதில் சம்பளம் கொடுத்துவிடுவார்கள், இந்த மாதம் கடைசி நாள் எனக்கும் கடைசி நாள். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். மெடிக்ளெய்மும் அன்றோடு சரி என்றார் அந்த இன்னொருவர். ஆஷிக் ஸ்டேஷன் வரைக்கும் கூட வந்தான்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாதக் கடைசிக்குள் ஒரு நாள் கிடைக்குமா என்று கேட்டேன். நம் பெயரில் முன்பு இருந்த நாளில் வேறொருவருக்கு ஆபரேஷன் ஆகி அவர் வீட்டுக்கே போய்விட்டாராம், இனி டாக்டர் வந்த பிறகுதான். வெளியே தனியாகப் பாலிசி எடுக்க முடியுமா என்று விசாரித்தேன். வயதைச் சொன்னதும் மரியாதையாகப் பேசினார்கள், வால்வைச் சொன்னதும் வைத்துவிட்டார்கள். அப்பாவின் காதில் விழுந்தது எதுவும் தப்பில்லை அத்திம்பேர். எடுத்துவிடலாம் என்றார்கள், எதற்கு வீணாகச் சுமக்க வேண்டும் என்றார்கள். நான்தான் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

முதல் பக்கத்தில் நீங்கள் வர வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டு வாசிக்கவும். வாருங்கள், சீக்கிரம் வாருங்கள், அந்த டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பச்சை ஃபைல் ஸ்வாமி அலமாரியில் இருக்கிறது. நீங்களாக வந்ததாகவே இருக்கட்டும். வழக்கம்போலக் கத்துங்கள், இவனுக்கு உங்களைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்று அப்பாவிடம் சொல்லியே அழைத்துப் போங்கள், நான் எதிர்த்துப் பேசுகிற மாதிரி கொஞ்சம் பேசுவேன். நேற்றும் செருப்பைக் கழற்றும்போது அப்பா கேட்டார். இருக்குப்பா என்றேன். நேற்றைக்கு அது பொய் இல்லை. எல்லாவற்றையும் எழுத்தில் கேட்பவர் நீங்கள், கொடுத்துவிட்டேன். வாசித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், நான் கூப்பிட்டு நீங்கள் வந்தது மட்டும் அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.